டேங்க் க்ளீனிங்ல கேஸ், கெமிக்கல் எக்ஸ்போஷர் அளக்கறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

மணலி, எண்ணூர் பக்கம் டேங்க் க்ளீனிங்க்கு வர்ற காண்ட்ராக்ட் டீம்களுக்கு டூல்பாக்ஸ் டாக் (வேலைக்கு முன்னாடி நடக்கற பாதுகாப்புப் பேச்சு) எடுக்கும்போதெல்லாம் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருது. ஹெல்பர் கேக்கறதையேதான் சூப்பர்வைசரும் கேக்கறார், சில சமயம் மேனேஜரும் கேக்கறார். அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். பெட்ரோல், நாஃப்தா, க்ரூட் ஆயில் டேங்க்கை மனசுல வச்சு எழுதினது, ஆனா எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு, முட்டை நாத்தம் அடிக்கற விஷ கேஸ்) பத்தி வர்றதெல்லாம் ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டி, தோல் ஃபேக்டரி சம்ப்புக்கும் அப்படியே பொருந்தும். கேள்விகளை கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

1. இறங்கறதுக்கு முன்னாடி மீட்டர் விட்டுப் பாத்துட்டோமே சார், அப்புறம் எதுக்கு தனியா எக்ஸ்போஷர் மானிட்டரிங்னு ஒண்ணு?

மேன்ஹோல்ல மீட்டர் விடறது, இப்ப உள்ள போனா மயங்கி விழுவேனா, தீ பிடிக்குமான்னு தெரிஞ்சுக்க. எக்ஸ்போஷர் மானிட்டரிங்ல பாக்கறது, வேலை செஞ்ச நேரம் முழுக்க அந்த ஆள் மூச்சுல எவ்ளோ பென்சீன் (பெட்ரோல் ஆவியில இருக்கற ஒரு கெமிக்கல்), எவ்ளோ எச்2எஸ் போச்சுன்னு. முதல் டெஸ்ட்ல பாஸான டேங்க் ரெண்டாவதுல ஃபெயில் ஆகறது ரொம்ப சாதாரணம்.

கொஞ்ச அளவு பென்சீன் அன்னிக்கே ஆளை சாய்க்காது, லேசா தலைவலி வரும், அதுகூட வராமப் போகலாம். ஆனா வருஷக்கணக்குல எலும்பு மஜ்ஜைல போய் வேலை காட்டும், ரத்தப் புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி ஏஜென்சி இதை முதல் குரூப்ல வச்சிருக்கு, அதாவது மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும்ங்கறதுல சந்தேகமே இல்லைன்னு. நோய் வெளிய தெரியறதுக்குள்ள அந்த ஆள் நாலு காண்ட்ராக்டர் மாறியிருப்பார், அளந்து எழுதி வச்ச பேப்பர் இல்லேன்னா எந்த டேங்க், எந்த வருஷம்னு யார் சொல்றது?

2. அந்த நாலு கேஸ் மீட்டர்ல நம்பர் எவ்ளோ இருந்தா ஓகே?

நாலுன்னா ஆக்ஸிஜன், தீப்பிடிக்கிற கேஸ் (எல்இஎல் சதவீதத்துல; எல்இஎல்னா தீப்பிடிக்க காத்துல இருக்க வேண்டிய குறைஞ்சபட்ச அளவு), ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கற எச்2எஸ், கார்பன் மோனாக்சைடு. ஆக்ஸிஜன் வெளிக்காத்துல 20.9%; 19.5-க்கு கீழ இருந்தாலும் 23.5-க்கு மேல இருந்தாலும் இறங்கக்கூடாது. எல்இஎல் 10% தொட்டா எல்லாரும் வெளிய, பல சைட்ல அதைவிட கடுமையா வச்சிருப்பாங்க, நல்லதுதான். எச்2எஸ்க்கு பொதுவா 10 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல பத்து பங்கு), கார்பன் மோனாக்சைடுக்கு 35 பிபிஎம்ல முதல் அலாரம் செட் பண்ணியிருக்கும்.

ஆக்ஸிஜன் நம்பரை மட்டும் நம்ம ஆளுங்க ரொம்ப லேசா எடுத்துக்கறாங்க. 20.9 இருந்தது 20.4 ஆச்சுன்னா "இன்னும் 19.5-க்கு மேலதானே"ன்னு போயிடறாங்க. காத்துல ஆக்ஸிஜன் அஞ்சுல ஒரு பங்குதான், அதனால அது அரை சதவீதம் குறையுதுன்னா வேற ஏதோ ஒரு கேஸ் கிட்டத்தட்ட 24,000 பிபிஎம் அளவுக்கு உள்ள வந்து இடம் பிடிச்சிருக்கலாம். இல்லேன்னா மூடிக் கிடந்த டேங்க்ல துரு ஆக்ஸிஜனை இழுத்திருக்கும். எதுன்னு தெரியாம பெர்மிட்ல கையெழுத்து போடக்கூடாது.

3. எல்இஎல் ஜீரோ காட்டுது. அப்போ பென்சீன் இல்லைதானே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதவே உக்காந்தேன்.

பென்சீன் தீப்பிடிக்க காத்துல குறைஞ்சது 1.2% இருக்கணும், அதாவது 12,000 பிபிஎம். எல்இஎல் மீட்டர் அந்த 12,000-ஐத்தான் 100-ன்னு வச்சு அளக்குது. அப்போ மீட்டர்ல 1%னா 120 பிபிஎம். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்க வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வச்சிருக்கற பென்சீன் லிமிட் 1 பிபிஎம். மீட்டரோட ஒரே ஒரு கோடுக்குள்ள நூத்தி இருபது மடங்கு ஒளிஞ்சுக்குது. லாரி எடை மேடைல மோதிரத்தை வச்சு எடை பாக்கற மாதிரிதான், ஜீரோன்னு காட்டும், மோதிரம் அங்கேயேதான் இருக்கும்.

"டேங்க்ல இருக்கறது சுத்த பென்சீன் இல்லையே, பெட்ரோல்தானே"ன்னு ஒரு சூப்பர்வைசர் மடக்கினார், நியாயமான கேள்வி. பெட்ரோல் ஆவிக்கு எல்இஎல் சுமார் 1.4%, 14,000 பிபிஎம். அதுல 1%னா 140 பிபிஎம் பெட்ரோல் ஆவி. இப்ப வர்ற பிஎஸ்-6 பெட்ரோல்ல பென்சீன் 1%க்கு மேல இருக்கக்கூடாது, ஆவியிலயும் நூத்துல ஒரு பங்குன்னு தோராயமா வச்சுக்கிட்டாலே 1.4 பிபிஎம் வருது. லிமிட் தாண்டியாச்சு, மீட்டர் இன்னும் ஜீரோவுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல தூங்குது. போதாக்குறைக்கு பல மீட்டரை மீத்தேன்ல கேலிபரேட் பண்ணியிருப்பாங்க, கனமான ஆவிக்கு அது குறைச்சுத்தான் காட்டும், சில மாடல்ல ஜீரோ பக்கத்துல வர்ற சின்ன நம்பரை ஜீரோன்னே காட்டற மாதிரி செட்டிங் வேற இருக்கு.

4. மேன்ஹோல் வாய்ல வச்சுப் பாத்தா போதாதா, உள்ள குழாய் விட்டு எல்லாம் பாக்கணுமா?

விடணும். எச்2எஸ், பெட்ரோல் ஆவி, பென்சீன் எல்லாமே காத்தைவிட கனம், தரையோட தரையா படுத்துக் கிடக்கும். மேல, நடுவுல, அடியில, சுமார் நாலடிக்கு ஒரு தடவை நிறுத்திப் பாருங்க. குழாய் நீளமா இருந்தா கேஸ் மேல ஏறி வரவே நேரம் ஆகும், அப்புறம் சென்சார் நிதானமாக இன்னொரு அரை நிமிஷம், ஒரு நிமிஷம். குழாயை விட்டதும் வெளிய எடுத்துட்டு "ஜீரோ"ன்னு எழுதினா அது நீங்க நிக்கற இடத்துக் காத்தோட ரீடிங்.

ஃப்ளோட்டிங் ரூஃப் டேங்க்னா (கூரை ப்ராடக்ட் மேல மிதக்கற டேங்க்) இன்னும் கவனம். ரூஃபை மிதக்க வைக்கற பான்டூன் அறைக்குள்ள ப்ராடக்ட் கசிஞ்சு நின்னிருக்கும், ரூஃபை தாங்கற காலெல்லாம் குழாய்தான், அதுக்குள்ளயும் தேங்கியிருக்கும். தரை சுத்தமா காஞ்சிருக்கும், காலை ஒருத்தர் அசைப்பார், உள்ள இருந்தது கொட்டும்.

5. முட்டை நாத்தம் வந்துச்சு, கொஞ்ச நேரத்துல போயிடுச்சு. கேஸ் கலைஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை, ஓடி வெளிய வாங்க. எச்2எஸ் 1 பிபிஎம்க்கு கீழயே மூக்குக்கு தெரியும், 100 பிபிஎம் பக்கம் போனா மோப்ப நரம்பே மரத்துப் போயிடும். நாத்தம் நின்னதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், கேஸ் குறைஞ்சிருக்கலாம், இல்ல பயங்கரமா ஏறியிருக்கலாம், எதுன்னு மூக்கால சொல்ல முடியாது. 500-ஐத் தாண்டினா கொஞ்ச நேரத்துலயே ஆள் சாஞ்சிடுவார்.

6. காலைல டெஸ்ட் பண்ணி பெர்மிட் வாங்கியாச்சு. மத்தியானம் சாப்ட்டு வந்து திரும்பவும் எதுக்கு?

காலைல பாத்தது ஸ்லட்ஜை (அடியில தங்கின சேறு) யாரும் தொடாத டேங்க். அதுக்கப்புறம் மம்முட்டி போட்டு கிளறியிருக்கீங்க, அடியில அடைஞ்சு கிடந்த ஆவியும் எச்2எஸும் ஒவ்வொரு வெட்டுக்கும் வெளிய வருது. சாப்பாட்டு நேரத்துல டீசல் மிச்சம் பிடிக்க ப்ளோயரை வேற யாராவது நிறுத்தியிருப்பாங்க. மத்தியான வெயில்ல டேங்க் தகடு சூடாகி ஆவி இன்னும் கூடும். அதனால ஒவ்வொரு இடைவேளைக்கு அப்புறமும் புது டெஸ்ட், உள்ள இருக்கற ஆள் மேல எந்நேரமும் ஓடற மீட்டர், ரெண்டும் வேணும்.

இதோட சேர்ந்த இன்னொரு விஷயம். புளிப்பு க்ரூட் (கந்தகம் அதிகமான க்ரூட்) இருந்த டேங்க்ல துரு மாதிரி கறுப்பா ஒரு படிவு இருக்கும், அயர்ன் சல்ஃபைடு. அது காஞ்சு காத்து பட்டா தானாவே சூடாகி தீப்பிடிக்கும். மீட்டர் இதை முன்கூட்டி சொல்லாது. ஈரமாவே வச்சிருந்து ஈரமாவே வெளிய எடுக்கணும்.

7. உள்ள ஒருத்தன் விழுந்து கிடக்கான், அப்பவும் மீட்டர் தேடிட்டு நிக்கணுமா அண்ணே?

இறங்காதீங்க. அமெரிக்க தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் 1986-ல வெளியிட்ட எச்சரிக்கைலயே, மூடின இடங்கள்ல செத்தவங்கள்ல 60%க்கு மேல காப்பாத்தப் போனவங்கன்னு எழுதியிருக்கு. நம்ம ஊர் பேப்பர்ல தொட்டிக்குள்ள அடுத்தடுத்து மூணு பேர்னு வர்ற செய்தியும் இதே கதைதான். 1948 தொழிற்சாலைகள் சட்டம் 36-வது பிரிவுல, தகுதியான ஆள் தானே டெஸ்ட் பண்ணி எழுத்துல சான்று கொடுக்கணும், இல்லேன்னா இறங்கறவர் மூச்சுக் கருவியும் பெல்ட்டும் மாட்டி, கயித்தோட மறுமுனையை வெளிய ஒருத்தர் பிடிச்சிருக்கணும்னு சொல்லியிருந்தது. கயிறும் ட்ரைபாடும் மாட்டியிருந்தா வெளிய நின்னே இழுத்துடலாம். பெரிய டேங்க்ல பக்கவாட்டு மேன்வே வழியா ரொம்ப தூரம் போற இடத்துல கயிறு சிக்கும், அங்க ஏர் சிலிண்டர் செட்டோட ரெஸ்க்யூ ஆள் தயாரா வெளிய நிக்கணும்.

8. பிஐடி மீட்டர் வாங்கிட்டா பென்சீன் தெரிஞ்சிடும்னு விக்கறவர் சொன்னாரே?

பாதி உண்மை. பிஐடி பிபிஎம் அளவுல ஆவியைப் பிடிக்கும், மூணாவது கேள்வில சொன்ன எல்இஎல் மீட்டரோட குருட்டுத்தனம் இதுக்கு இல்லை. ஆனா பென்சீன், டொலுவீன், சைலீன், ஹெக்சேன்னு எது வந்தாலும் எல்லாத்தையும் ஒண்ணா கூட்டி ஒரே நம்பரா காட்டும், அதுவும் ஐசோபியூட்டிலீன் கணக்குல. 40-ன்னு காட்டினா அதுல பென்சீன் எவ்ளோன்னு தெரியாது. தண்ணி ஜெட் அடிச்ச ஈரக் காத்துல ரீடிங் தடுமாறும், மீத்தேன் சுத்தமா தெரியாது.

இதை நான் எதுக்கு வச்சிருக்கேன்னா, எந்த வேலைல ஆவி எகிறுதுன்னு கண்டுபிடிக்க. பக்கெட்ல அள்ளும்போது, ஸ்க்வீஜி போடும்போது, டீசல் ஊத்தி கழுவும்போதுன்னு நடந்து பாத்தா எங்க ஆளை கொறைக்கணும், எங்க ப்ளோயரை திருப்பணும்னு அன்னிக்கே முடிவெடுக்கலாம். பென்சீனை தனியா அதே நாள்ல தெரிஞ்சாகணும்னா கை பம்ப்ல மாட்டற கலர் ட்யூப் இருக்கு, துல்லியம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பரவாயில்லை.

9. சட்டைல பம்ப் மாட்டி விடறாங்களே, அது என்ன? நான் எவ்ளோ வேலை செய்றேன்னு பாக்கவா?

சிரிக்காதீங்க, இது நெஜமாவே வந்த கேள்வி, கேட்டவர் அந்த பம்ப்பை கழட்டி கயித்துல தொங்க விட்டிருந்தார். அதுல கேமராவும் இல்லை மைக்கும் இல்லை. இடுப்புல ஒரு சின்ன பேட்டரி பம்ப், காலர் பக்கம் ஒரு கண்ணாடி ட்யூப், ட்யூப்க்குள்ள கரி. உங்க மூக்குல இருந்து ஒரு அடிக்குள்ள இருக்கற காத்தை அது இழுக்குது, பென்சீன் கரில ஒட்டிக்கும், லேப்ல பிரிச்சு அளப்பாங்க. பம்ப் டேங்க்குள்ள போறதால வெடிப்பு பாதுகாப்பு சான்று உள்ளதா இருக்கணும், நம்ம நாட்ல பெசோ (மத்திய அரசோட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி பாருங்க.

சாம்பிள் எடுக்கறவங்களுக்கு: பென்சீனுக்கு நிமிஷத்துக்கு 0.2 லிட்டரைத் தாண்டாதீங்க. 0.1 லிட்டர் வச்சு ரெண்டு மணி நேரம் ஓடினா 12 லிட்டர், அதுவே போதும். வேலைக்கு முன்னயும் பின்னயும் ஃப்ளோ அளந்து எழுதணும். ஈரம் அதிகமான டேங்க்ல கரி சீக்கிரம் நிறைஞ்சிடும், அதனால ட்யூப்பை அடிக்கடி மாத்துங்க. உடைச்சு மூடின ஒரு வெறும் ட்யூப்பும் ஒப்பிட்டுப் பாக்க ப்ளாங்க்கா கூடவே லேபுக்குப் போகணும்.

10. நான் உள்ள இருக்கறதே ரெண்டு மணி நேரம்தான், எட்டு மணி நேர லிமிட் எனக்கு எப்படி?

சராசரி போடணும். ரெண்டு மணி நேரம் 3 பிபிஎம், மீதி ஆறு மணி நேரம் ஒண்ணுமே இல்லைன்னு வச்சுக்கோங்க: 2×3=6, எட்டால வகுத்தா 0.75, அதாவது 1 பிபிஎம் லிமிட்டுக்குள்ள. அதோட முடியலை, 15 நிமிஷ லிமிட்னு தனியா ஒண்ணு இருக்கு, ஓஷால பென்சீனுக்கு அது 5 பிபிஎம். மோசமான அந்தக் கால் மணி நேரத்துக்கு தனி ட்யூப் போடலேன்னா சராசரி அதை மறைச்சிடும்.

ஷட்டவுன்ல 12 மணி நேரம் ஓட்டினா லிமிட்டை குறைக்கணும். கூடுதல் நேரம் உள்ள இழுக்கறோம், உடம்பு வெளியேத்தற நேரமும் 16-லேருந்து 12 மணியா குறையுது. 8/12-ஐ 12/16-ஆல பெருக்கினா 0.5, அதாவது லிமிட் பாதி. பிரீஃப்–ஸ்காலா முறைன்னு சொல்வாங்க, கொஞ்சம் முரட்டுக் கணக்குதான், ஆனா பாதுகாப்பு பக்கம் சாயும்.

11. ஆளாளுக்கு ஒரு லிமிட் சொல்றாங்க, எதை எடுத்துக்கறது?

சட்டத்துக்கு, 2025 வரைக்கும் இருந்தது தொழிற்சாலைகள் சட்டம் 41எஃப் பிரிவும் ரெண்டாவது அட்டவணையும். போபாலுக்கு அப்புறம் 1987 திருத்தத்துல வந்தது. எச்2எஸ்க்கு அதுல 10 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 15. 2025 நவம்பர் 21-லேருந்து புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கறதால இப்ப எந்த விதி ஓடுதுன்னு தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துல கேட்டுக்கறது நல்லது.

உடம்புக்குன்னு கேட்டா, கீழ இருக்கற நம்பரை எடுங்க. அமெரிக்க தொழில் சுகாதார நிபுணர்கள் அமைப்பான ஏசிஜிஐஎச் எச்2எஸ்க்கு 1 பிபிஎம்னு வச்சிருக்கு. பென்சீனுக்கு ரொம்ப வருஷமா 0.5 வச்சிருந்து 2024-ல 0.02-ன்னு இறக்கிட்டாங்க. டேங்க்குள்ள அது நடக்கற காரியமான்னு கேட்டா, ஆளை இறக்கி அள்ளற முறைல நடக்காது. வெளிய இருந்தே ஜெட் அடிச்சு பம்ப் பண்ணி எடுத்துட்டு கடைசி மிச்சத்துக்கு மட்டும் ஆளை விட்டாதான் பக்கத்துலயாவது போக முடியும்.

12. மாஸ்க்தான் போட்டிருக்கோமே, அப்புறம் அளந்து என்ன ஆகப் போகுது?

எந்த மாஸ்க்ங்கறதே அளந்தாதான் தெரியும். சரியா பொருந்தின அரை முக கார்ட்ரிட்ஜ் மாஸ்க்னா வெளிய இருக்கற அளவை பத்துல ஒண்ணா குறைக்கும்னு கணக்கு, முழு முகம்னா அம்பதுல ஒண்ணு. தாடி இருந்தா இந்தக் கணக்கெல்லாம் காலி. கார்ட்ரிட்ஜ் ஆக்ஸிஜன் தராது, அதனால ஆக்ஸிஜன் குறைஞ்ச இடத்துலயும் அளவே தெரியாத இடத்துலயும் ஏர்லைன் அல்லது சிலிண்டர்தான். சாம்பிள் ட்யூப் எப்பவும் மாஸ்க்குக்கு வெளிய இருக்கணும்.

தோல் வழியா போறதை எந்த ஏர் சாம்பிளும் காட்டாது. சாதாரண நைட்ரைல் கையுறைல பென்சீன் சீக்கிரமே ஊடுருவிடும். ஸ்லட்ஜ்ல ஊறின டாங்கிரியோட டீ குடிக்க உக்கார்றவங்களை தினமும் பாக்கறேன்.

13. உள்ள இறங்கறவங்களுக்கு மட்டும் பம்ப் மாட்டினா போதும்ல?

வேக்யூம் லாரி ஓட்டறவரை மறந்துடறாங்க. டேங்க்லேருந்து உறிஞ்சற ஆவி எல்லாம் லாரியோட எக்ஸாஸ்ட் வழியாத்தான் வெளிய வருது, அவர் அந்த நிழல்லதான் மாஸ்க் இல்லாம உக்காந்திருப்பார். மாஸ்க் போட்டு உள்ள இருக்கறவரைவிட இவர் அதிகமா இழுக்கறது நடக்கக் கூடியதுதான். எக்ஸாஸ்ட்டுக்கு உயரமா குழாய் போட்டு காத்து போற பக்கம் திருப்பி விடுங்க. மேன்வேல நின்னு உள்ள இருக்கறவங்களை கவனிக்கற ஹோல் வாட்ச், ப்ளோயர் வாய்க்கு எதிர்ல நிக்கறவர், ஸ்லட்ஜ் ட்ரம் மூடறவர் எல்லாருக்கும் ட்யூப் வேணும். ப்ளோயர் காத்து இழுக்கற இடத்துல டீசல் ஜெனரேட்டர் ஓடினா அந்தப் புகையும் டேங்க்குள்ளதான் போகும், கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிச்சா முதல்ல அதைப் பாருங்க.

14. யூரின் டெஸ்ட் கேக்கறாங்க, நேத்து குடிச்சது தெரிஞ்சிடுமா?

அதை இந்த டெஸ்ட் பாக்காது. பென்சீன் உடம்புல மாறி எஸ்-பிஎம்ஏ, மியூகோனிக் அமிலம்னு ரெண்டு பொருளா வெளிய வரும், அதைத்தான் தேடறாங்க. ஷிஃப்ட் முடிஞ்ச உடனே கொடுக்கணும், மறுநாள் காலைல கொடுத்தா பெரும்பகுதி போயிருக்கும். தோல் வழியா போனதும் இதுல தெரியும், அதான் இதோட பலம்.

பீடி சிகரெட் பிடிக்கறவங்களுக்கு ரெண்டுமே கூடித்தான் வரும், புகைலயே பென்சீன் இருக்கு. மியூகோனிக் அமிலம் இன்னும் மோசம், சோர்பேட் போட்டு பதப்படுத்தின ஜூஸ், பாக்கெட் ஐட்டம் சாப்ட்டாலும் ஏறும். அதனால பென்சீன் அளவு குறைச்சலா இருக்கற இடத்துல எஸ்-பிஎம்ஏவை நம்பறதே சரி, படிவத்துல புகை பழக்கத்தை மறைக்காம எழுதுங்க.

15. ரொம்ப பழைய பெட்ரோல் டேங்க், ஈயம் இருக்கும்ங்கறாங்களே?

இந்தியாவுல 2000 பிப்ரவரியோட ஈயம் போட்ட பெட்ரோலை நிறுத்தியாச்சு. அதுக்கு முன்னாடி ஓடி, நடுவுல சரியா சுத்தம் பண்ணாத டேங்க்னா துருலயும் மண்டிலயும் ஈயம் இன்னும் தங்கியிருக்கலாம். டேங்க் வரலாறு தெரியலேன்னா இருக்குன்னே வச்சுக்கிட்டு ஸ்லட்ஜை லேபுக்கு அனுப்புங்க. நாலு கேஸ் மீட்டரும் பிஐடியும் இதுக்கு உதவாது.

16. லேப் ரிசல்ட் வர பத்து பதினஞ்சு நாள் ஆகுது, அதுக்குள்ள டேங்க்கே முடிஞ்சு க்ரூடே ஏத்திடறாங்க. என்ன பிரயோஜனம்?

அன்னிக்கு ஆளைக் காப்பாத்தறது எட்டாவது கேள்வில சொன்ன பிஐடியும் கலர் ட்யூப்பும்தான், கரி ட்யூப் அதுக்கு இல்லை. அதோட ரிசல்ட் அடுத்த டேங்க்குக்கு. ஒரே மாதிரி ப்ராடக்ட், ஒரே மாதிரி வேலை முறைன்னா அள்ளறவர், ஜெட் அடிக்கறவர், லாரிக்காரர்னு ஒவ்வொரு வேலைக்கும் சில சாம்பிள் சேத்துட்டே வந்தா, ரெண்டு மூணு டேங்க்ல எந்த வேலைக்கு எந்த மாஸ்க்னு முன்கூட்டியே சொல்ல வரும். ஒரு டேங்க், ஒரு ஆள், ஒரு சாம்பிள்னு எடுத்து ஃபைல்ல போடறதுக்கு உண்மையாவே பிரயோஜனம் கம்மி.

17. ரிப்போர்ட்டை எங்ககிட்ட காட்டவே மாட்டேங்கறாங்க. காண்ட்ராக்ட் ஆளுக்கு கேக்க உரிமை இருக்கா?

இருக்கு. வேலை இடத்து பாதுகாப்பு, உடல்நலம் பத்தின தகவலை தொழிலாளி கேட்டுப் பெறலாம்னு தொழிற்சாலைகள் சட்டத்துல 111ஏ பிரிவாவே இருந்தது, புது தொகுப்புலயும் அந்த உரிமை இருக்கு. முதல்ல எழுத்துல காண்ட்ராக்டர்கிட்டயும் கம்பெனி சேஃப்டி ஆபீசர்கிட்டயும் கேளுங்க, நகல் வச்சுக்கோங்க. தரமணில இருக்கற மண்டல தொழிலாளர் நிறுவனத்துல தொழில் சுகாதாரத்துக்குன்னே ஆட்கள் இருக்காங்க, சந்தேகம் இருந்தா அங்கயும் விசாரிக்கலாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்தா "லிமிட்டுக்குள்ள"ங்கற கடைசி வரியைப் படிச்சுட்டு மூடிடாதீங்க. எவ்ளோ நேரம் சாம்பிள் எடுத்தாங்க, அந்த நேரத்துல என்ன வேலை நடந்ததுன்னு பாருங்க; டீ டைம்ல ஓடின பம்ப்பும் நல்ல ரிசல்ட்தான் கொடுக்கும். ஃப்ளோ முன்ன பின்ன ரெண்டும் எழுதியிருக்கா, ப்ளாங்க் இருக்கா, லேபுக்கு என்ஏபிஎல் (லேப்களுக்கு தரச் சான்று தர்ற அமைப்பு) அங்கீகாரம் குறிப்பா அந்த டெஸ்ட்டுக்கு இருக்கா. ட்யூப்ல கரி ரெண்டு பகுதியா இருக்கும், பின் பகுதில வந்தது முன் பகுதியோட பத்துல ஒரு பங்குக்கு மேல போயிருந்தா கரி நிறைஞ்சு வழிஞ்சிருக்குன்னு அர்த்தம், உண்மையான அளவு எழுதினதைவிட கூட இருக்கும், அந்த சாம்பிளை திரும்ப எடுக்கச் சொல்லலாம்.